ஆவி பறந்த பச்சைத்தண்ணி

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து எங்கள் பக்கம் மக்காச்சோளக் கதிரடிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கேட்டால் இவ்வளவுதானா என்பீர்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர் குன்னம் பக்கம், தினமும் பஸ்ஸில்தான் போய்வருவது. வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், சிமெண்ட் மூட்டை என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு அரியலூர், ஜெயங்கொண்டம் என்று ஓடுவார். ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பெரிய வசதியும் இல்லை, பெரிய குறையும் இல்லை.

சேலை விற்பதென்றால் உட்கார்ந்த இடத்தில் சிரித்துப் பேசுகிற வேலை என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு எடுக்க வருகிற ஒரு குடும்பம் அரை அலமாரியைக் கீழே இறக்கிவிடும். எல்லாவற்றையும் பிரித்துக் காட்டி, தோளில் போட்டுக் காட்டி, கடைசியில் முதலில் பார்த்த சேலையையே எடுப்பார்கள். மீதியை மடித்து மேலே ஏற்றுவது நம் பாடு. இருபது வருடமாகச் செய்கிற வேலைதான். ஆனால் அந்தப் பொங்கலுக்கு முந்தின ஆடித் தள்ளுபடி நேரத்தில் முதல் தடவையாக எனக்கு மேல் தட்டுக்குக் கை தூக்க முடியவில்லை. தூக்கினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

வயசாகிறது, உடம்பு வேறு போட்டுவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன். கடையில் என் பக்கத்தில் நிற்கிற பொண்ணுதான் கிரீன் டீ குடியுங்கக்கா என்றாள். போனிலும் யார் யாரோ அதைப் பற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், இருதயத்துக்கு நல்லது, முகம் பளபளக்கும், சோர்வு போகும், ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். இத்தனையும் ஒரு ஸ்பூன் இலையிலா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் ஆள் ஓய்ந்துபோய்க் கிடக்கும்போது எதையும் நம்பத் தோன்றும். சம்பளம் வாங்கிய அன்று ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் போட்டதில் வீட்டுக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாலு இல்ல, சக்கர இல்ல. இதுக்குப் பேரு டீயா? பச்சத்தண்ணின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பச்சைத்தண்ணி ஆகிவிட்டது. கிரீன் என்றாலும் பச்சைதானே. மகள்கூட போனில் பேசும்போது, பச்சத்தண்ணி குடிச்சாச்சாம்மா என்றுதான் கேட்பாள். கேலியாக வைத்த பெயர் நாளாக நாளாக நிஜப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஊர் உலகத்தில் அந்தச் சொல்லுக்குக் குடத்தில் இருக்கிற சாதாரணத் தண்ணீர் என்று அர்த்தம் என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

கிரீன் டீயால் களைப்பு ஒன்றும் போகவில்லை. அதோடு மாதாமாதம் வருகிற தொல்லை, பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று நிற்காமல் போக ஆரம்பித்தது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். ஒருநாள் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே துணி விரிக்கிற மேடையில் சரிந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் என்னை வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது, அதை ஏற்றிக்கொண்டுதான் கத்தி வைக்க முடியும் என்றார்.

இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கீரை, பேரீச்சம்பழம், ஈரல் எல்லாம் சாப்பிடச் சொன்னார். கடைசியாக, "டீ, காபி ரெண்டையும் நிறுத்திடுங்க. மாத்திரை போடுற நேரத்துல அது கிட்டவே போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நானும் கேட்டேன், பக்கத்தில் நின்ற இவரும் கேட்டார்.

டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டோம் என்பதுதான் இதில் கொடுமை. அன்றைக்கே இவர் வீட்டில் டீத்தூள் டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். எனக்கு முன்னால் குடித்தால் எனக்கு ஆசை வரும் என்று அவரும் வீட்டில் டீ குடிப்பதை விட்டுவிட்டார். காலையில் கண் விழித்ததும் கெட்டி டீ இல்லாமல் அந்த மனுஷனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அவரே விட்டுவிட்டார். ஆனால் பச்சைத்தண்ணி டீ என்று எங்கள் இரண்டு பேருக்குமே படவில்லை. எங்களுக்கு டீ என்றால் பால் ஊற்றி, தூள் போட்டு, சர்க்கரை போட்டுக் கொதிப்பது. இது ஏதோ கஷாய வகை, மருந்து மாதிரி. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மருந்து. அதனால் டீயை விட்ட இடத்தில் இதை இன்னும் இரண்டு டம்ளர் கூட்டிக்கொண்டேன்.

அதைப் போட்டுக் கொடுக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆள் அவர். நான் எழுந்து நின்றாலே தள்ளாடுவதைப் பார்த்து, பொழுது விடிவதற்கு முன்னால் எழுந்து, சத்தம் போடாமல் அடுப்பைப் பற்றவைப்பார். பாக்கெட்டில் இரண்டு நிமிஷம் ஊறவைத்தால் போதும் என்று போட்டிருக்கும். இவருக்கு அது மனசு ஒப்பவில்லை. சத்து முழுசும் இறங்க வேண்டாமா என்று, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுவார். வடிகட்டி, நான் சாப்பிட்டதும் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டம்ளர் வைத்துக்கொண்டு நிற்பார். கடைக்கு ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கொடுத்துவிடுவார். ராத்திரி மாத்திரைக்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நின்று சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்கிவருவார். ரத்தம் ஊறுவதற்கு ஆட்டுச் சுவரொட்டியைவிட வேறு கிடையாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சாப்பிட்ட கையோடு செரிமானத்துக்கு என்று அதற்கு மேலும் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி.

ரத்தம் ஏறவில்லை. முதல் மாதம் போய்ப் பார்த்தபோது, பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழில் நின்றது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். அடுத்த மாதம் அதற்கும் கீழே போயிருந்தது. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு வேளை தப்பவில்லை என்றேன். ஆபரேஷனுக்குக் குறித்த நாள் தள்ளிப்போனது. குறித்த நாளைக் கடையில் சொல்லி லீவு வாங்கி, மகளை வரச்சொல்லி, பிறகு வேண்டாம் என்று சொல்லி, இப்படி இரண்டு தடவை ஆனது. மூன்றாவது தடவை லீவு கேட்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நாட்களின் களைப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தூங்கினால் போகிற களைப்பு இல்லை அது. பேசக்கூடப் பிடிக்காது. யாராவது நல்ல சேலையைக் காட்டுங்க என்று சொன்னால் அழுகை வரும். தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்க அலுப்பாக இருந்து, முடியை வெட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கண்ணாடியில் பார்த்தால் உதடு வெளுத்துப்போய் வேறு யாரோ மாதிரி இருந்தேன். பஸ்ஸில் சீட் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்தாலும் பரவாயில்லை, படுத்தாவது இருக்கலாம் என்று தோன்றும். பயம்கூட வரவில்லை. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

பயம் வந்தது அந்தப் பொங்கல் கழிந்த நாளில்தான். டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பழைய ரிப்போர்ட்டுகளோடு வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், ரத்தம் வாங்கி ஏற்றி ஆபரேஷனைச் செய்துவிடலாம்தான், ஆனால் இவ்வளவு மாத்திரை போட்டும் ஏன் ஏறவில்லை என்று தெரியாமல் கத்தி வைக்க மனசு வரவில்லை என்று. குடலில் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா, இல்லை ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையிலேயே கோளாறா என்று பார்க்க வேண்டும், திருச்சிக்கு எழுதித் தருகிறேன், அங்கே வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எலும்பிலிருந்தும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். எலும்பு என்றதும் நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வியாதியின் பெயரை டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டாக்டர் விடவில்லை. எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டார். பூச்சி மாத்திரை போட்டீர்களா, போட்டேன். மலம் கறுப்பாகப் போகிறதா, இரும்பு மாத்திரை போட்டதிலிருந்து அப்படித்தான். டீ குடிக்கிறீர்களா, இல்லவே இல்லை. மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"பச்சத்தண்ணியிலதாங்க டாக்டரம்மா. நானே என் கையால ஊத்திக் குடுக்கறேன். ஒரு வேள தவறுனது இல்ல."

பெருமையாகச் சொன்னார். டாக்டரும் தலையை ஆட்டி, இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கணுமே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியானால் உங்கள் பக்கம் தப்பில்லை, உள்ளேதான் என்னமோ இருக்கிறது என்று சொல்லி, எழுதித் தரும்வரை வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததால் எதுவும் சாப்பிடவில்லை. இவர் கீழே போய் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தார். விழுங்கவே முடியவில்லை. மகளுக்கு எப்படிச் சொல்வது, அவள் பரீட்சை முடிகிறவரை மறைக்க முடியுமா, எனக்குப் பிறகு இந்த மனுஷன் யாரிடம் சோறு கேட்பார் என்று என்னென்னமோ ஓடியது. பெஞ்சின் அந்தப் பக்கம் முக்காடு போட்ட ஒரு பெண், தன் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஊர் லெப்பைக்குடிகாடு என்றும் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்றும் காலையிலேயே பேச்சுக் கொடுத்துச் சொல்லியிருந்தாள். மாமியாருக்கு முட்டிவலி. அந்தம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

நான் நாலு வாய் சாப்பிட்டதும் இவர் வழக்கம்போல மாத்திரையை உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். பையைத் திறந்துகொண்டே, "பச்சத்தண்ணிய ஊத்தட்டுமா?" என்றார். ம் என்றேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். குபுகுபுவென்று ஆவி பறந்தது.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"என்னக்கா இது, பச்சத்தண்ணில ஆவி பறக்குது? எங்கூட்டுல பாலு ஊத்தாத டீயத்தான் சுலைமானிம்போம். இது பச்ச சுலைமானி போலருக்கு."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். பக்கத்தில் ஒருத்தி சாகப்போகிறோமோ என்று உட்கார்ந்திருக்கிறாள், உனக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லத் தெம்பில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் மட்டும் அசடு வழிந்துகொண்டு, இது கிரீன் டீம்மா, எங்க வூட்டுல இதுக்கு அப்படித்தான் பேரு என்று அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் வார்டுக்குப் போவதற்காக அறையைவிட்டு வெளியே வந்தார். நாலு எட்டு போனவர் அப்படியே திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

என்னது, டீயா என்று கேட்டார். இவர் கையிலிருந்த மூடியை வாங்கி மோந்து பார்த்தார். கலரைப் பார்த்தார். கருப்பட்டித் தண்ணி மாதிரி கறுத்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பீர்கள் என்று கேட்டார்.

"நல்லா சுண்டக் காய்ச்சுவேங்க. சாறு பூரா எறங்கணும்ல?" என்றார் இவர். இன்னும் அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்த மாத்திரை கீழே விழுந்துவிட்டது.

டாக்டர் கோபித்துக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்குக் காலையிலிருந்து ஓயாத கூட்டம்.

"நான் கேட்டதும் சரி, நீங்க சொன்னதும் சரி. நடுவுல ஒரு வார்த்தை நம்ம மூணு பேரையும் கவுத்துடுச்சு" என்றார்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். டீ எந்தக் கலராக இருந்தாலும் டீதான். பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அதில் இருக்கிற துவர்ப்பு இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேரவிடாது, வந்த வழியே வெளியே அனுப்பிவிடும். மாத்திரைக்கு மட்டும் இல்லை, கீரைக்கும் அதே கதிதான். நாங்கள் கொதிக்கவைத்த கொதிக்குத் துவர்ப்பு பல மடங்கு. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கியிருக்கிறோம். கிரீன் டீயைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்லதுதான், ரத்தம் போதுமான அளவு இருக்கிறவர்கள் லேசாகப் போட்டு, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில் நல்ல இடைவெளிவிட்டு, ஒரு கப் இரண்டு கப் குடிக்கலாம், அதற்கு மேல் அதைத் தேவாமிர்தமாக நினைக்க வேண்டியதில்லை என்றார். இப்போதைக்கு நான் அதைத் தொடக்கூடாது. மாத்திரையை வெறும் தண்ணீரில், முடிந்தால் எலுமிச்சை ஜூஸோடு போட வேண்டும். புளிப்பு இரும்பைச் சேரவைக்குமாம்.

இது ஒன்றுதான் காரணம் என்று இப்போதே சொல்ல மாட்டேன், ஒரு மாதம் பார்த்துவிடலாம், ஏறவில்லை என்றால் திருச்சி என்று சொல்லி எழுந்தார். போகும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து, நல்லவேளை சிரிச்சீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. உங்களுக்கு ஒடம்பு இப்படின்னு தெரியாமச் சிரிச்சிட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாருக்கு வாங்கி வைத்திருந்த ஆரஞ்சில் இரண்டை எடுத்து என் மடியில் வைத்தாள். டாக்டரம்மா புளிப்பு சாப்பிடச் சொன்னாங்கல்ல என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அவள் சிரித்திருக்காவிட்டால், நாசூக்காகப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இவரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் குழாயில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுகிறார், மோந்து பார்க்கிறார், மறுபடி கழுவுகிறார். வாங்க போகலாம் என்று நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

வண்டியில் வரும்போது நான்தான் இவரை வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். ரத்தத்த சுத்தம் பண்ணும்னு போட்டிருந்தான், சுத்தமாவே இல்லாமப் பண்ணிட்டான் பாருங்க என்றேன். சிரிக்கவில்லை. ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே இருந்தார்.

"நானே உன்னக் கொன்னுருப்பேன்ல. தெனம் ஊத்தி ஊத்திக் குடுத்து."

"கொல்லறவன் விடியக்காலம் எந்திரிச்சு அடுப்பு பத்தவைப்பானா? வண்டிய எடுங்க" என்றேன். எனக்கு மேற்கொண்டு அழத் தெம்பில்லை.

ஒரு மாதத்தில் ரத்தம் ஏறியது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியது. டாக்டரே ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். அடுத்த மாதம் இன்னும் கூடியது. பங்குனி முடிவதற்குள் ஆபரேஷன் நல்லபடியாக நடந்துவிட்டது. திருச்சிக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது மேல் தட்டுச் சேலையை ஸ்டூல் போடாமலே எடுக்கிறேன். களைப்பு வந்தாலும் எல்லோருக்கும் வருகிற களைப்புதான், படுத்து எழுந்தால் போய்விடுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது தண்ணீர் வேண்டும் என்று இவரிடம் சைகை காட்டினேன். டம்ளர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. வெளியே போய் மகளைக் கூட்டிவந்து, நீ குடும்மா என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். மாத்திரை உரித்துத் தர மாட்டார். தண்ணீர் மொண்டு தர மாட்டார். சமையல்கட்டுப் பக்கமே வருவதில்லை. நான் மாத்திரை போடும்போது நிலைப்படியில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. அவர் கைமேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒரு மனுஷனை அந்த நாலைந்து மாதம்தான் பார்த்திருந்தேன். அவரை இழந்துவிட்டேனே என்று, ரத்தம் ஊறிய உடம்போடு உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. மாத்திரையெல்லாம் நின்று பல மாதம். டாக்டரிடமும் கேட்டுவைத்திருந்தேன், இப்போது ஒரு கப் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தார். கடையில் புதுப் பாக்கெட் வாங்கி வந்து வைத்திருந்தேன். இவரைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு டம்ளர் கிரீன் டீ போட்டுக் குடுங்க என்றேன்.

முகம் மாறிவிட்டது. முடியாது என்றார். அந்தக் கருமாந்திரத்த ஏன் திரும்ப வாங்கின என்று சத்தம் போட்டார். நான் விடவில்லை. நீங்க போட்டாத்தான் குடிப்பேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து எழுந்து போனார். உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. எவ்வளவு தண்ணி, எவ்வளவு எல, எப்ப எறக்கணும், நெசமா டாக்டரம்மா சொன்னாங்களா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இந்தத் தடவை கொதிக்கவிடவில்லை, பாக்கெட்டில் போட்டிருந்தபடி இரண்டே நிமிஷம். டம்ளரைக் கொண்டுவந்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, என் முன்னால் வைத்தார்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை. கடைசிச் சொட்டுவரை அவர் கண் எதிரிலேயே குடித்தேன். குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டுபோய் அவரே கழுவி வைத்தார். மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது, வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் ஏறிய அன்று நான் பிழைத்துவிட்டதாக டாக்டர்தான் சொன்னார், நான் பிழைத்துவிட்டேன் என்று எனக்கே தோன்றியது அந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான்.